கிரேக்க, ரோம வரலாற்றில் பிஎச்டி: கிரேக்கமும் லத்தீனும் தெரியாமல் விண்ணப்பிக்கலாமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தளத்தைப் பல வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை.

எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு மதுரையில் ஒரு டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிறேன். வயது 27. ரோமர் ஆட்சிக்கால எகிப்தைப் பற்றி ஆய்வு செய்து பிஎச்டி வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. பேரரசர்கள், போர்கள் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். பாப்பிரஸ் என்ற நாணல் தாள்களில் கிடைத்திருக்கும் வரி ரசீது, கடன் பத்திரம், குத்தகைச் சீட்டு, பட்டாளத்துக்குப் போன மகன் வீட்டுக்கு எழுதிய கடிதம் இவைதான் என்னை இழுக்கின்றன. கிராமத்தில் வரி வசூல் எப்படி நடந்தது, கடைசியில் யார் தலையில் விடிந்தது என்பதைத்தான் தலைப்பாக யோசித்து வைத்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், எனக்குக் கிரேக்கமும் தெரியாது, லத்தீனும் தெரியாது. படித்ததெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் பக்கங்களைப் பார்த்தால் மொழித் தகுதி பற்றிப் பட்டும் படாமலும் எழுதியிருக்கிறார்கள். நேரடியாக பிஎச்டிக்கு விண்ணப்பித்துவிட்டு, சேர்ந்த பிறகு மொழியைப் படித்துக்கொள்ள முடியுமா? பணத்துக்கு என்ன வழி? முடித்த பிறகு சோற்றுக்கு என்ன வழி?

இன்னொன்று. யாரிடம் கேட்டாலும் "முசிறி பண்ணுப்பா, தமிழன் அதைத்தானே பண்ணணும்" என்கிறார்கள். அந்தச் சேரநாட்டுத் துறைமுகத்தில் ரோமரோடு நடந்த வணிகத்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.


நூலகப்பூச்சி எழுதியது:

விண்ணப்பிக்கலாம், இடம் கிடைக்காது. தப்பித்தவறி இடம் கிடைத்தாலும் உதவித்தொகை கிடைக்காது.

இதே துறையில் இங்கிலாந்தில் ஆய்வு முடித்து, இப்போது ஐரோப்பாவில் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அங்கே பிஎச்டி என்பது மூன்று, நான்கு வருட வேலை. அமெரிக்காவில் இருப்பதைப் போல முதல் இரண்டு வருடம் வகுப்பு, தேர்வு என்று எதுவும் கிடையாது. முதல் நாளிலிருந்தே ஆய்வேடுதான். 80,000 சொல், சில இடங்களில் 1,00,000 சொல் வரை எழுத வேண்டும். ஆக்ஸ்போர்டில் இதற்கு டிஃபில் என்று பெயர். சேர்ந்ததும் டிஃபில் மாணவர் ஆகிவிட முடியாது. முதலில் தற்காலிகப் பதிவுதான். ஒரு வருடம் போல ஆனதும், எழுதிய அத்தியாயத்தைக் கொடுத்து, இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லித் தேற வேண்டும். பின்னால் இன்னொரு முறை அதே மாதிரி. அப்புறம்தான் கடைசி வாய்மொழித் தேர்வு. இதற்கு நடுவில் ஆல்ஃபா பீட்டாவிலிருந்து ஆரம்பிக்க எங்கே நேரம்?

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். ஆண்டது ரோமர் என்றாலும் எகிப்தில் அலுவலக மொழி கிரேக்கம்தான். லத்தீன் ராணுவத்திலும், ரோமக் குடியுரிமை சம்பந்தப்பட்ட சில சட்டப் பத்திரங்களிலும்தான் தலைகாட்டும். ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது கிரேக்கம்.

ஒரு வரி ரசீதின் அச்சுப் பதிப்பைத் திறந்து பாருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது தாளில் இல்லாதது, கிழிந்துபோன இடத்தைப் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. எழுத்துக்கு அடியில் புள்ளி இருந்தால் அந்த எழுத்து நிச்சயமில்லை. வட்ட அடைப்புக்குள் இருப்பது, எழுத்தர் சுருக்கியதைப் பதிப்பாசிரியர் விரித்தது. 1931இல் லைடனில் கூடி வகுத்த முறை இது. மொழிபெயர்ப்பில் இந்தப் புள்ளிகள் எல்லாம் காணாமல் போய் வழவழவென்று ஒரு வாக்கியம் வந்து நிற்கும். "இன்னார் இவ்வளவு தலைவரி கட்டினார்" என்று நீங்களும் மேற்கோள் காட்டுவீர்கள். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "தலைவரி என்ற சொல்லில் இரண்டு எழுத்துதான் தாளில் இருக்கிறது, மீதி ஊகம். நீங்கள் ஏன் அதை ஒத்துக்கொண்டீர்கள்?" என்பார். அங்கே மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது. அச்சில் வந்த பாப்பிரஸ்களுக்கு அடுத்தடுத்து வந்த திருத்தங்களைத் தொகுப்பதற்கென்றே ஜெர்மன் மொழியில் தனிப் புத்தக வரிசை இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது: முதலில் மொழிப் பயிற்சியோடு சேர்ந்த முதுகலை. ஆக்ஸ்போர்டில் கிரேக்க, ரோம வரலாற்றுக்கு இரண்டு வருட எம்ஃபில் இருக்கிறது, அதில் மொழிக்கும் இடமுண்டு. லண்டனில் ஒரு வருட எம்.ஏ. உண்டு. ஆனால் ஒரு வருடப் படிப்பில் காலண்டர் காலை வாரிவிடும். வகுப்பு ஆரம்பிப்பது செப்டம்பர் கடைசியில். பிஎச்டிக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பக் கெடு டிசம்பர், ஜனவரியில். அதாவது விண்ணப்பம் எழுதும்போது உங்கள் கையில் மூன்று மாதக் கிரேக்கம்தான் இருக்கும். பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவருக்கும் உங்களைத் தெரிந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். அதனால் ஒன்று, இரண்டு வருடப் படிப்பாகப் பாருங்கள். இல்லையென்றால் மதுரையிலேயே அடிப்படைக் கிரேக்கத்தை முடித்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நண்பர் மொழியைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் துட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

வெளிநாட்டு மாணவருக்கு ஆய்வுக் கட்டணம் பெரிய பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல். விசா எடுக்கும்போதே மருத்துவத்துக்கென்று ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் மொத்த வருடத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். அப்புறம் வாடகை, சாப்பாடு. அந்த நாட்டு ஆராய்ச்சிக் குழு தன் மாணவருக்குத் தரும் வாழ்க்கைப்படி 2025-26க்கு 20,780 பவுண்டு. அதாவது ஒரு ஆள் சிக்கனமாகக் காலம் தள்ள அவ்வளவு வேண்டும் என்று அரசே வைத்திருக்கும் கணக்கு. கட்டணத்தையும் இதையும் கூட்டி நான்கால் பெருக்கி ரூபாயில் பாருங்கள். கடன் வாங்கிச் செய்கிற படிப்பு இல்லை இது.

வேலை? அமெரிக்காவில் ஹோவர்ட் பல்கலைக்கழகம் 2021இல் தன் செவ்வியல் துறையையே கலைத்தது. கார்டிஃப் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் மூடுவதாக முன்மொழிந்த பாடங்களில் பண்டைய வரலாறும் ஒன்று. துறையே இருக்குமா என்று தெரியாத இடத்துக்கு 27 வயதில் கிளம்பி, 34இல் திரும்பி வந்து என்ன செய்வதாக உத்தேசம்? குரூப் 1 எழுதுங்கள் தம்பி. பாப்பிரஸ் எங்கேயும் ஓடிவிடாது.


யாழ்வாணி எழுதியது:

கணக்குப்பிள்ளை அண்ணா, எல்லாரும் குரூப் 1 எழுதினால் அவருக்குப் பாடம் எடுக்க வேறு ஆள் தேட வேண்டி வரும் :)

இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு தகவல். எங்களுக்கு உயர்தரத்திலேயே (உங்கள் பிளஸ் டூ மாதிரி) 'கிரேக்க, உரோம நாகரிகம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. பேராதனையில் லத்தீனும் கிரேக்கமும் பட்டப்படிப்பில் எடுக்கலாம். நான் அங்கே படித்தபோது லத்தீன் வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் இருந்தோம். ஆனால் ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுப்பி வரிவரியாக வாசிக்க வைப்பார், வேற்றுமை பிழைத்தால் விடமாட்டார். பெரிய வகுப்பில் அது நடக்காது. பிறகு நான் சட்டத்துக்குப் போய்விட்டேன், அது வேறு கதை.

சொல்ல வந்தது, இது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த படிப்பு இல்லை. அங்கேயும் இப்போது பள்ளியில் லத்தீன் படிக்காமல் வருகிறவர்கள் நிறையப் பேர், அதனால்தான் பல்கலைக்கழகங்களே ஆரம்பநிலை வகுப்பு நடத்துகின்றன. வைகைக்கரை பயப்பட வேண்டாம். மொழிக்கு நேரம் மட்டும் கொடுங்கள்.


தமிழ்மறவன் எழுதியது:

கீழடியில் தோண்டத் தோண்ட வந்துகொண்டிருக்கிறது. படிக்காத கல்வெட்டு ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. நம் பிள்ளைகள் எகிப்துக்காரன் கட்டிய வரியை ஆராயப் போகிறார்களாம்! ஆக்ஸ்போர்டில் போய் அவன் தாத்தா கதையைப் படிப்பதற்கு நம் ஊர் அரசு பணம் தர வேண்டுமா?


மைப்படி எழுதியது:

தமிழ்மறவன் அவர்களே, நான் முழுநேரக் கல்வெட்டுக்காரன். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, வெயிலில் கோயில் சுவரைத் தேய்த்துப் படியெடுத்தே வயதானவன். அந்த உரிமையில் சொல்கிறேன், தம்பி தாராளமாகப் போகட்டும். சோழர் கால ஊர்ச்சபை வரிகளை வெளிநாட்டவர்கள் வந்து ஆராய்ந்தபோது நாம் வேண்டாம் என்றா சொன்னோம்? நொபோரு கராஷிமா ஜப்பானிலிருந்து வந்து சோழர் கல்வெட்டில் நிலவுரிமையையும் வரியையும் எண்ணிக்கணக்கிட்டுக் காட்டினார். அதனால் லாபம் நமக்குத்தான்.

வைகைக்கரை, உங்களுக்கு ஒரு சங்கதி சொல்கிறேன், பிடிக்கும். அந்த எகிப்து ரசீதுகளில் ஆண்டைக் குறிக்க ஆங்கில 'எல்' எழுத்து போல ஒரு குறி போடுவார்கள். அதன் பின்னால் அரசரின் ஆட்சியாண்டு, அவர் பெயர், அப்புறம் தோத், ஃபாவோஃபி, ஹாதிர் என்று எகிப்திய மாதப் பெயர் கிரேக்க எழுத்தில் வரும். நம் கல்வெட்டில் 'கோப்பரகேசரிவர்மர்க்கு யாண்டு' என்று வந்து எண் வருகிறதே, அந்த வேலைதான். நம்மிடமும் ஆண்டுக்கு ௵ என்று தனிக் குறியே இருக்கிறது. ஆட்சியாண்டை நம் ஆண்டுக்கு மாற்றுவதில் இருக்கிற வம்பும் அதேதான். அங்கே புத்தாண்டு ஆகஸ்ட் 29இல் பிறக்கும். அரசர் ஜூலையில் பதவிக்கு வந்திருந்தால் இரண்டே மாதத்தில் அவருடைய இரண்டாம் ஆட்சியாண்டு தொடங்கிவிடும்.

படியெடுப்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நாம் ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, பிறகு மை ஒற்றி எடுக்கிறோம். கிரேக்கக் கல்வெட்டுக்காரர்கள் மை தொடுவதில்லை. தடித்த வடிதாளை நனைத்து, கட்டையான தூரிகையால் ஓங்கி அடித்து எழுத்துக் குழிக்குள் இறக்கி, காயவிட்டு உரித்தெடுப்பார்கள். காகிதத்தின் பின்பக்கம் எழுத்து புடைத்து நிற்கும். வெளிச்சத்தைச் சாய்த்து வைத்து, கண்ணாடியில் தெரிவது போல வலமிருந்து இடமாகப் படிக்கலாம். ஆக்ஸ்போர்டில் பண்டைய ஆவணங்களுக்கான மையத்தில் அப்படிப்பட்ட படிகள் பெரிய சேகரிப்பாக இருக்கின்றன.

உங்கள் விண்ணப்பத்தில் தமிழ்க் கல்வெட்டுப் பயிற்சி ஏதாவது இருந்தால் தயங்காமல் போடுங்கள். சிதைந்த எழுத்தை வைத்து மல்லுக்கட்டிய பழக்கம் அவர்களுக்குப் புரியும்.


வைகைக்கரை எழுதியது:

மைப்படி ஐயா, மிக்க நன்றி. எம்.ஏ.வில் கல்வெட்டு ஒரு தாள் எடுத்தேன், ஒரு முகாமுக்கும் போயிருக்கிறேன். அது கணக்கில் வரும் என்று நினைக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொல்வது எதுவும் பொய்யில்லை. குரூப் 1 முதல்நிலை தேறி, முதன்மைத் தேர்வு எழுதாமல் விட்டவன் நான். வீட்டில் இன்னும் திட்டு வாங்குகிறேன்.

தமிழ்மறவன் அவர்களுக்கு: கீழடிக்கு ஆட்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும், மகிழ்ச்சி.

முசிறி பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? என் பேராசிரியர் அந்தத் தலைப்பில் போனால்தான் பணம் கிடைக்கும் என்று அடித்துச் சொல்கிறார்.


நூலகப்பூச்சி எழுதியது:

//அந்தத் தலைப்பில் போனால்தான் பணம் கிடைக்கும்//

இந்திய மாணவர் என்றால் இந்தியத் தலைப்பு என்று அங்கேயும் சிலர் எதிர்பார்ப்பார்கள்தான், மறுக்கவில்லை. நேர்காணலில் என்னிடமும் கேட்டார்கள்.

ஆனால் முசிறிக்கு ஆதாரம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் ஒன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டு, 1985இல்தான் அச்சானது. ஒரு பக்கம் முசிறிப் பயணத்துக்கு வாங்கிய கடனைப் பற்றிய ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு: கங்கைக்கரைச் சடாமாஞ்சி, யானைத் தந்தம் இப்படி. கால்பங்கு வரி போக நின்ற மதிப்பு 1,154 தாலந்தும் 2,852 திராக்மாவும். அது தவிர எரித்ரையக் கடலின் பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூலிலும், பிளினி, ஸ்திராபோ, தொலமி ஆகியோர் எழுதியவற்றிலும் சில பத்திகள், கேரளத்துப் பட்டணம், எகிப்தின் பெரனிகே ஆகிய ஊர்களின் அகழாய்வு அறிக்கைகள், காசுகள். அந்த ஒற்றைத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் இதற்குள் கட்டுரை மேல் கட்டுரை வந்துவிட்டது. இதில் புதிதாக ஒன்று சொல்ல வேண்டுமானால் இன்னும் நல்ல கிரேக்கம் வேண்டும். முசிறியை எடுத்தால் மொழியிலிருந்து தப்பிக்கலாம் என்று உங்கள் பேராசிரியர் நினைத்தால் நடக்காது.

உங்கள் வரித் தலைப்பில் ரசீதுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் 1896-97இல் தொடங்கிப் பல பருவங்களாகக் கிரென்ஃபெல்லும் ஹன்ட்டும் தோண்டிய குப்பைமேட்டுச் சரக்கு 1898இலிருந்து தொகுதி தொகுதியாக வந்தும் தீரவில்லை, 80 தொகுதிக்கு மேல் ஆகிவிட்டது. பிரியமான தலைப்பை விட்டுக் கொடுக்காதீர்கள். நான்கு வருடம் தனியாக உட்கார வேண்டிய வேலை. பிடிக்காத தலைப்போடு உட்கார்ந்தால் இரண்டாம் வருடமே கை ஓயும்.


செல்வி பெர்லின் எழுதியது:

இங்கிலாந்தை மட்டுமே ஏன் எல்லோரும் பார்க்கிறீர்கள் என்று புரியவில்லை. ஜெர்மனியில் முனைவர் ஆய்வு பல இடங்களில் சம்பள வேலை. பேராசிரியரின் திட்டத்தில் அரைநேர அல்லது 65 சதவீதப் பணியில் சேர்த்துக்கொள்வார்கள், ஓய்வூதியப் பிடித்தம் உட்பட எல்லாம் உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது, ஒவ்வொரு பருவத்துக்கும் சின்னத் தொகை ஒன்று கட்டினால் போதும். அது போக டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகை.

இனிப்பைச் சொன்னேன், கசப்பையும் சொல்கிறேன். இங்கே லத்தீனும் கிரேக்கமும் தெரியும் என்று வாயால் சொன்னால் போதாது. லாட்டினும், கிரேக்கும் என்று அரசு அங்கீகரித்த தேர்வுச் சான்றிதழ்கள் இருக்கின்றன, பல இடங்களில் அவை இல்லாமல் ஆய்வுக்குப் பதிய முடியாது. அதோடு ஜெர்மன் மொழி. ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத விடுவார்கள், ஆனால் கருத்தரங்கில் சுற்றிலும் எல்லோரும் ஜெர்மனில் அடித்துக்கொள்ளும்போது நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள்.

இங்கிலாந்துக்கே போனாலும் இது உங்களை விடாது. பாப்பிரஸ் துறையின் அடிப்படை நூல்களில் பெரும்பகுதி ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில்தான். அமெரிக்காவில் ஜெர்மனும் இன்னொரு ஐரோப்பிய மொழியும் வாசிக்கத் தெரியுமா என்று தனித் தேர்வே வைக்கிறார்கள். பேச வேண்டாம், அகராதியோடு கட்டுரை வாசிக்கத் தெரிந்தால் போதும்.

மொழி வேலை எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மியூனிக்கில் லத்தீன் பேரகராதித் திட்டம் 1894இல் ஆரம்பித்தது. இன்னும் முடியவில்லை.


ரோபோராஜா எழுதியது:

எல்லோரும் 1894இலேயே இருக்கிறீர்கள். கருகிய சுருளையே ஏஐ படித்துவிட்டது. இன்னும் ஐந்து வருடத்தில் எந்தப் பாப்பிரஸையும் போனில் படம் பிடித்தால் தமிழில் வந்து விழும். இதற்குப் போய் வினைச்சொல் ரூபம் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?


நூலகப்பூச்சி எழுதியது:

நல்ல கேள்வி, ஆனால் நடந்தது நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை.

கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது ஹெர்குலேனியத்தில் கருகிய சுருள்கள் அவை. பிரித்தால் பொடிந்துவிடும். ஊடுகதிர்ப் படம் எடுத்து, கணினியில் சுருளை விரித்து, மை எங்கே இருக்கிறது என்பதைத்தான் அந்த நிரல் கண்டுபிடித்தது. 2023இல் போட்டி வைத்தார்கள், மூன்று மாணவர்களுக்கு 7,00,000 டாலர் பரிசை 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்த நிரல் கொடுத்தது எழுத்துப் படம். அதைப் பார்த்து இது இன்ன எழுத்து, இங்கே சொல் பிரிகிறது, பேசுவது எபிகூரஸ் வழிவந்த தத்துவம் என்று வாசித்துச் சொன்னது கிரேக்கம் தெரிந்த பாப்பிரஸ் அறிஞர்கள். பரிசு யாருக்கு என்று முடிவு செய்ததே அவர்கள் வாசிப்பை வைத்துத்தான்.

கருவி வந்ததால் படிக்க வேண்டிய பக்கம் கூடியிருக்கிறது, படிக்கத் தெரிந்த ஆள் கூடவில்லை. வைகைக்கரைக்கு இது நல்ல செய்திதான்.


தாமிரபரணி எழுதியது:

பண விஷயத்தில் ஒரு முக்கியமான தகவல் விடுபட்டிருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை. பட்டியல் சாதியினர், சீர்மரபினர் மற்றும் நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தினருக்கு உரியது. வயது 35க்குள், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள். கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானச் சீட்டு எல்லாம் அடங்கும்.

இதில் ஒரு விதி இருக்கிறது. 2022இல் வழிகாட்டு நெறிகளை மாற்றி, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். அப்போது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சாதியை ஆராயப் போகிற தலித் மாணவருக்குத்தான் அடி என்று பலரும் எழுதினார்கள், நியாயமான கோபம். ஆக முசிறி என்று எழுதினால் இங்கே வம்பாகிவிடும். எகிப்து வரி என்று எழுதினால் ஒரு பிரச்சினையும் இல்லை. பேராசிரியரிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். இதை மட்டும் நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் வெளிநாட்டுப் படிப்புத் திட்டம் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு முதுகலை இருக்கும்போது இன்னொரு முதுகலைக்குத் தருவார்களா என்பதை அந்தந்த ஆண்டு வழிகாட்டியில் வரிக்கு வரி படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

தாமிரபரணி சொன்னதைத் தனி இழையாகவே போட்டிருக்க வேண்டும். அருமையான தகவல்.

வேறு உதவித்தொகைகளையும் சேர்த்துவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் கேட்ஸ், ஆக்ஸ்போர்டில் கிளாரெண்டன், இந்தியர்களுக்கு ஃபெலிக்ஸ். இங்கிலாந்து ஆராய்ச்சிக் குழுவின் பணம் 2021இலிருந்து வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் ஆண்டுக்கு 30 சதவீத இடங்களுக்கு மேல் தர மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் போட்டி கடுமை. அதனால் ஒரே பல்கலைக்கழகத்தைக் கட்டிக்கொண்டு அழாமல் பரவலாகப் போடுங்கள்.

எதிர்ப்பை விலக்கிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். முழுப் பணம் வந்தால் போங்கள், வராவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம். அரைகுறைப் பணத்தோடு கிளம்பி இரவு முழுக்க கிடங்கில் பெட்டி தூக்கி, பகலில் கிரேக்கம் படிப்பவர்களை எனக்குத் தெரியும். பாதியில் திரும்பி வந்தவர்கள்தான் அதிகம்.


நூலகப்பூச்சி எழுதியது:

கணக்குப்பிள்ளை சொல்வதை வழிமொழிகிறேன். பணம் இல்லாமல் போகாதீர்கள், இதில் விதிவிலக்கே வேண்டாம்.

மேற்பார்வையாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மேற்பார்வையாளர் இரண்டாம் ஆண்டின் நடுவில் வேறு நாட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டார். அந்தத் துறையில் பாப்பிரஸ் தெரிந்த வேறு ஆள் இல்லை. இடைக்காலக் கல்வெட்டுக்காரர் ஒருவரை என் பொறுப்பில் போட்டார்கள். நல்ல மனிதர், பாவம், என் அத்தியாயத்தில் ஆங்கிலத்தை மட்டும் திருத்துவார். பெரிய பேராசிரியர் ஒருவரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். அதே ஊரில் உங்கள் விஷயம் தெரிந்த இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். விண்ணப்பத்துக்கு முன்னாலேயே இருவருக்கும் மின்னஞ்சல் போடுங்கள். தன் வரலாறு வேண்டாம். உங்கள் கேள்வி என்ன, எந்த ஆவணங்களை வைத்துப் பார்க்கப் போகிறீர்கள், மொழி எந்த நிலையில் இருக்கிறது, இது மூன்றும் ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும். அப்புறம் அவர்களிடம், "ஓய்வு பெற எத்தனை வருடம் இருக்கிறது?" என்று நேரடியாகக் கேட்க முடியாது, ஆனால் சுற்றி வளைத்துத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

மதுரையில் கிரேக்கம் எங்கே படிப்பது என்று கேட்பீர்கள். இறையியல் கல்லூரிகளை மறந்துவிட்டீர்களா? செராம்பூர் பாடத்திட்டத்தில் படிக்கிறவர்கள் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படிக்கிறார்கள். அது ஏதென்ஸ் நாடகக் கிரேக்கம் இல்லைதான், ஆனால் உங்களுக்கு அதுவே நல்லது. புதிய ஏற்பாட்டின் மொழி தனிப் புனித மொழி இல்லை, அந்தக் காலத்துச் சாதாரண ஜனங்கள் பேசிய கிரேக்கம்தான் என்று ஜெர்மன் இறையியலாளர் அடோல்ஃப் டைஸ்மன் நிறுவியதே எகிப்துப் பாப்பிரஸ்களை வைத்துத்தான். நீங்கள் வாசிக்கப் போகும் ரசீதும் கடிதமும் அந்த மொழிதான். ஏதென்ஸ் கிரேக்கத்தை அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.


யாழ்வாணி எழுதியது:

இது நல்ல யோசனை. வைகைக்கரை, நிலைமை என்ன என்று பிறகு வந்து சொல்லுங்கோ. இழை தொடங்கினவர்கள் காணாமல் போகிறது இந்தத் தளத்தின் வழக்கம்.


வைகைக்கரை எழுதியது:

காணாமல் போகவில்லை :)

அரசரடிப் பக்கம் ஓய்வுபெற்ற போதகர் ஒருவரைப் பிடித்துவிட்டேன். பல வருடம் கிரேக்கம் சொல்லிக் கொடுத்தவர். வாரத்தில் மூன்று நாள் மாலை வரச் சொல்லியிருக்கிறார். காசு வாங்க மாட்டேன் என்கிறார், ஆனால் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவாராம். இந்த வருடம் எங்கும் விண்ணப்பிக்கப் போவதில்லை. அடுத்த வருடம் இரண்டு வருட முதுகலைக்கும், கூடவே தாமிரபரணி சொன்ன உதவித்தொகைக்கும் போடுவதாக முடிவு. எனக்கு அந்தத் தகுதி இருக்கிறது, வழிகாட்டியை இறக்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பயிற்சி மையத்து வேலையை விடவில்லை, கணக்குப்பிள்ளை சார் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு சந்தேகம். போதகர் 'ஏய்', 'ஆய்' என்று இரண்டு உயிரையும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார். இணையத்தில் கிரேக்கர்கள் பேசுவதைக் கேட்டால் முதலாவதை 'ஈ' என்றும் இரண்டாவதை 'எ' என்றும் சொல்கிறார்கள். பாப்பிரஸுக்கு எதைப் பழகுவது?


நூலகப்பூச்சி எழுதியது:

போதகர் சொல்லித் தருவது எராஸ்மஸ் வழி உச்சரிப்பு. வகுப்பில் அதையே வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துக்கூட்டல் மனதில் நன்றாகப் பதியும். இங்கிலாந்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான் வாசிப்பார்கள்.

ஆனால் ரோமர் காலத்து எகிப்தில் எழுத்தர்கள் பேசியது நீங்கள் இணையத்தில் கேட்ட பக்கம் நிறையவே நகர்ந்துவிட்டது. அதனால் காதில் கேட்டபடி எழுதிவிடுவார்கள். 'ஏய்' வர வேண்டிய இடத்தில் வெறும் 'இ', 'ஆய்' வர வேண்டிய இடத்தில் 'எ', எதிர்ப்பக்கமும் உண்டு. தனிப்பட்ட கடிதங்களில் இது வரிக்கு வரி வரும். பதிப்பாசிரியர் சரியான வடிவத்தைப் பக்கத்தின் அடியில் கொடுத்திருப்பார், அதை முதலிலேயே பார்க்காதீர்கள். ஒரு சொல் அகராதியில் கிடைக்கவே இல்லை என்றால் இன்றைய கிரேக்கர் உச்சரிப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பாதிச் சொற்கள் அப்போதே பிடிபட்டுவிடும்.

போதகரிடம் மாற்கு நற்செய்தியை முடித்த பிறகு தனிமடலில் சொல்லுங்கள். பட்டாளத்து மகன்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் சுலபமானவை சிலவற்றை அனுப்புகிறேன். "எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன்" என்றுதான் பலவும் தொடங்கும். அடுத்த வரியிலேயே பணமோ துணியோ கேட்டுவிடுவான்.